பீப்பாயைச் சுற்றியவர்கள்

செயின்ட் ஜான்ஸ்
28 ஜூலை 1996

ஐனார்,

வந்து சேர்ந்தேன். மூன்று விமானம் மாறியதில் கால் இரண்டும் வீங்கிவிட்டன. கிர்ஸ்டி படுத்த படுக்கைதான். குழந்தை பிறக்கும்வரை எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று மேடையில் இருக்கிறார், மாதம் ஒருமுறைதான் கரைக்கு வருவார். ஆகவே மகளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க நான்தான். அக்டோபருக்கு முன்னால் வீடு திரும்புவேன் என்று தோன்றவில்லை.

நேற்று உனக்குப் போன் செய்தேன். "யாரு? யாரு பேசறது?" என்று ஏழு தடவை கத்திவிட்டு வைத்துவிட்டாய். முப்பத்தைந்து வருடம் படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் தூங்கியவன் காதுக்கு நான் என்ன செய்ய முடியும்? இனிமேல் கடிதம்தான்.

இப்போது முக்கியமான விஷயம். பின்பக்கத் தோட்டத்து உரப் பீப்பாய். நீ படகை விற்றுவிட்டு என் வீட்டுக் கீழ்த்தளத்துக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் அதை நீ ஒருநாள்கூடத் தொட்டதில்லை, ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில் கைப்பிடியைப் பிடித்து ஐந்து சுற்றுச் சுற்று. ஒரு வாளி காய்கறித் தோல் போட்டால் இரண்டு வாளி சருகு போடு. உள்ளே இருப்பதைக் கையில் எடுத்துப் பிழிந்தால் பிழிந்த துணியளவுதான் ஈரம் இருக்க வேண்டும். சுற்றி முடித்ததும் கதவு வானத்தைப் பார்த்து நிற்கட்டும். இரண்டு கொக்கியையும் மாட்டு. இறைச்சி, மீன், எலும்பு, வெண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது.

இதை மட்டும் சிரிக்காமல் படி. கரடி வராத தெருவாக நம் தெருவை ஆக்க நான் ஒன்பது வருடம் பாடுபட்டிருக்கிறேன். குப்பைக்குழி வைத்திருந்த பதினொரு வீட்டுக் கதவைத் தட்டி இந்தப் பீப்பாயை வாங்க வைத்தவள் நான். பழத்துக்குக் கரடி வரும் என்று பக்கத்து வீட்டு ஹேசலின் பிளம் மரத்தை வெட்ட வைத்தவளும் நான்தான். அவள் புருஷன் நட்ட மரம் அது. அதற்காக அவள் இன்னும் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. என் தோட்டத்தில் ஒரு தப்பு நடந்தால் நான் இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

தோரா


ஹெர்ரிங் முனை
9 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். சாப்பிடப் போகும்போதெல்லாம் நீ திட்டுவதுபோலவே இருக்கிறது, வீட்டில் ஆள் இருக்கிற உணர்வு வருகிறது.

பீப்பாயை ஐந்து என்ன, இருபது சுற்றுச் சுற்றுகிறேன். முதல்நாள் சுற்றியபோது பக்கத்து வீட்டு ஹேசல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன ஐனார், நாப்பது வருஷம் கடல்ல ராஜாவா இருந்துட்டு இப்போ அக்காவோட குப்பைக்குக் காவலா?" என்றாள். "ஆமா ஹேசல், இதுவும் படகு மாதிரிதான், உருளும், ஆனா வாந்தி வராது" என்றேன். சிரித்துவிட்டாள். உன்னிடம் சிரிக்காதவள் என்னிடம் சிரிக்கிறாள், இதை நீ கவனிக்க வேண்டும்.

போன சனிக்கிழமை ஆற்று முகத்துவாரத்தில் தூண்டில் போட்டேன். நாற்பது பவுண்டு சால்மன், அக்கா! கரையில் இருபது பேர் கூடிவிட்டார்கள். ஒருவன் படம் எடுத்தான்.

ஒரு குறை. உன் பீப்பாயில் எதுவும் உரமாகிற வழியைக் காணோம். நான் போட்ட உருளைக்கிழங்குத் தோல் பன்னிரண்டு நாளாக அப்படியே முழித்துப் பார்க்கிறது. நம் அப்பா உருளைக்கிழங்குப் பாத்தியில் என்ன புதைப்பார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு குழியிலும் ஒரு ஹெர்ரிங் மீன். அந்தக் கிழங்கு ஒன்றொன்றும் என் தலையளவு இருக்கும்.

கிர்ஸ்டியிடம் சொல், மாமா அவளுக்கு முப்பது போத்தல் பிளாக்பெர்ரி ஜாம் போட்டு வைத்திருக்கிறார் என்று.

ஐனார்


செயின்ட் ஜான்ஸ்
17 ஆகஸ்ட் 1996

ஐனார்,

உன் கடிதத்தை வழக்கம்போலப் பாதியாக்கிப் படித்தேன். இருபது பவுண்டு மீன். பத்துப் பேர். பதினைந்து போத்தல் ஜாம். உரத்தைச் சுற்றுவதும் பத்துத் தடவையாகத்தான் இருக்கும், பரவாயில்லை, அது ஐந்துக்கு மேல்தான்.

கிர்ஸ்டிக்கு வாசித்துக் காட்டினேன். சின்ன வயதில் படகுத்துறையில் நீ வந்து இறங்கும்போது ஆட்கள் "எத்தனை மீன்டா ஐனார்? உன் கணக்கா, எங்க கணக்கா?" என்று கத்துவார்களே, அதை நினைவுபடுத்திச் சிரித்தாள். மூன்று வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அப்பா கதையை எடுக்காதே. அப்பா காலத்தில் இந்த ஊரில் எட்டு வீடு இருந்தது. கரடிக்குக் காடு இருந்தது. இப்போது காடு இருந்த இடத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. உரம் மெதுவாகத்தான் ஆகும். பொறுமையாக இரு. சருகைச் சின்னதாகக் கிழித்துப் போடு.

தோரா


ஹெர்ரிங் முனை
28 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. உன் பீப்பாய் உரம் தயார்! கறுப்பாக, பொலபொலவென்று, மழைக்குப் பிந்தைய காட்டு மண் வாசனையோடு. ஐந்து வாரம்கூட ஆகவில்லை. கையை விட்டால் உள்ளே சூடு கொதிக்கிறது. நீ மூன்று வருடமாகச் சுற்றியும் இவ்வளவு சீக்கிரம் எடுத்ததில்லை. ஒப்புக்கொள்.

ஒரு வேடிக்கை நடக்கிறது. நான் கதவை வானம் பார்க்க நிறுத்திவிட்டு வருகிறேன். காலையில் போய்ப் பார்த்தால் கதவு தரையைப் பார்த்து நிற்கிறது. மறுபடி நிமிர்த்துகிறேன். மறுநாள் பக்கவாட்டில் நிற்கிறது. என்னைவிட அக்கறையாக யாரோ சுற்றுகிறார்கள். காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் ஹேசலிடம் கேட்டேன், "நீங்களா வந்து சுத்தறீங்க?" என்று. "எனக்கு வேற வேலையில்லையா? என் மரத்தை வெட்டுனவ குப்பைய நான் சுத்தணுமா?" என்று கோபித்துக்கொண்டாள்.

யார் சுற்றினால் என்ன, உரம் வந்துவிட்டது. நீ வரும்போது உன் ரோஜாவுக்கு ஐம்பது வாளி போட்டு வைத்திருப்பேன். இந்தக் கோடை நான் நினைத்ததுபோல் அவ்வளவு தனிமையாக இல்லை, அக்கா.

ஐனார்


செயின்ட் ஜான்ஸ்
5 செப்டம்பர் 1996

ஐனார்,

உன் கடிதத்தைக் காலையில் பிரித்தேன். கையிலிருந்த காபி ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காற்றுக்குப் பீப்பாய் சுற்றாது. முக்கால்வாசி நிறைந்த பீப்பாயைச் சுற்ற எனக்கே இரண்டு கையும் வேண்டும். ஐந்து வாரத்தில் அது உரமாகவும் ஆகாது. உள்ளே என்ன போட்டாய்? நேராகப் பதில் சொல். கூட்டாதே, குறைக்காதே.

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் உனக்குக் கேட்டிருக்காது. இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிடமே பீப்பாயைக் காலி செய். உள்ளே இருப்பதை ஆழமாகக் குழி வெட்டிப் புதை. பீப்பாயைச் சலவைச் சோடா போட்டுக் கழுவிக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டு. வனவிலங்கு அதிகாரி வெஸ்லிக்கு நீயே போய்ச் சொல். அவன் நல்லவன், அவன் அப்பா உன்னிடம்தான் மீன் வாங்குவார். முதலிலேயே சொன்னால் வழியிருக்கிறது. தாமதமானால் அவனிடம் துப்பாக்கிதான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கிர்ஸ்டிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், நீ எழுத விடவில்லை.

தோரா


ஹெர்ரிங் முனை
11 செப்டம்பர் 1996

அக்கா,

உன் கடிதம் இன்றைக்கு மதியம் வந்தது. அது நடந்தது காலையில்.

கரடியைச் சுட்டுவிட்டார்கள். நம் தோட்டத்தில். உன் பீப்பாயின் பக்கத்தில், காலை பதினொரு மணிக்கு, வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது.

ஹேசல், நான் ஜாம் போட்டுக் கொடுத்த உன் போத்தல்களைத் திருப்பிக் கொடுக்க வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கிறாள். கரடி பீப்பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அவளைப் பார்த்ததும் பாய்ந்தது. தொடவில்லை, நாலடி முன்னால் நின்றுவிட்டது. ஆனால் அவள் பின்னால் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. போத்தல் எல்லாம் உடைந்து கிடந்தன. நான் கீழே முகம் மழித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை அக்கா, அவள் கத்தியது ஒன்றுமே கேட்கவில்லை. தெருவில் ஆட்கள் ஓடுவதைச் சன்னலில் பார்த்துத்தான் மேலே வந்தேன்.

வெஸ்லி வந்தான். முதலில் ரப்பர் குண்டு அடித்தான். அது காட்டுக்குள் ஓடிவிட்டுப் பத்து நிமிடத்தில் நேராகப் பீப்பாய்க்கே திரும்பி வந்தது. அவன் என்னைப் பார்த்து, "அண்ணே, உள்ள போங்க, இதப் பாக்காதீங்க" என்றான். நான் போகவில்லை. பார்த்தேன்.

சீடார் மரத்தின் உச்சியில் ஒரு குட்டி இருக்கிறது. இந்த வருடம் பிறந்தது. சுட்டதிலிருந்து இறங்காமல் அழுதுகொண்டிருக்கிறது என்கிறார்கள். எனக்கு அதுவும் கேட்கவில்லை, அதன் வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிகிறது.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஐனார்


செயின்ட் ஜான்ஸ்
18 செப்டம்பர் 1996

ஐனார்,

குழந்தை தூங்கும் அறையில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். சத்தம் போட்டு அழக்கூட முடியவில்லை.

என் தோட்டத்தில். என் பீப்பாயில். ஊர்க்கூட்டத்தில் மேடை ஏறி நின்று, "நம்ம சோம்பேறித்தனத்துக்கு அதுங்க ஏன் சாகணும்?" என்று கேட்டவள் நான். அதைக் கேட்டுத்தான் ஹேசல் வீட்டுக்குப் போய் மரத்தை வெட்ட ரம்பத்துக்கு ஆள் அனுப்பினாள். இப்போது அவள் கை முறிந்து கிடக்கிறது, என் தோட்டத்தில்.

அவளும் எழுதியிருக்கிறாள். இடது கையால் எழுதிய கோணல் எழுத்து, ஒரே ஒரு வரி. "தோரா, என் மரத்தில் பழம் இருந்த பதினெட்டு வருஷத்தில் அதனடியில் ஒரு கரடியும் சாகவில்லை." அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குட்டியைப் பற்றி வெஸ்லி என்ன சொன்னான்? இறக்கினார்களா? நான் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. உள்ளே என்ன போட்டாய்? எத்தனை நாளாக அது வந்தது? உனக்கு முன்பே தெரியுமா?

இந்தத் தடவை உண்மையை எழுது, ஐனார். அறுபத்தாறு வயதாகிறது உனக்கு.

தோரா


ஹெர்ரிங் முனை
26 செப்டம்பர் 1996

அக்கா,

நீ கேட்டதற்கெல்லாம் சொல்கிறேன். மூன்று காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நாலாவதில் எழுதுகிறேன்.

சால்மன் தலை போட்டேன். குடல், செதில், எல்லாம். ஆகஸ்ட் பத்தாம் தேதி முதல்தடவை. உனக்கு உரம் சீக்கிரம் ஆக வேண்டும், நீ வந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்றுதான். கொக்கி இரண்டு இருக்கிறதே, வாசனை எங்கே போகப்போகிறது என்று நினைத்தேன். மீனோடு வாழ்ந்தவன் மூக்குக்கு மீன் வாசனை தெரியாது, அது என் தப்பு.

முதல் இரண்டு வாரம் எனக்கு நிஜமாகவே தெரியாது. பிறகு ஒருநாள் விடிந்ததும் காபிக் கோப்பையோடு சமையலறைச் சன்னலுக்கு வந்தேன். அது பின்காலில் எழுந்து நின்று பீப்பாயைச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும், நிதானமாக, நின்று நின்று. கதவு தன் பக்கம் வந்ததும் நிறுத்தி, கொக்கி இடுக்கில் நகத்தை விட்டு நெம்பி, ஒரு தலையை உருவி எடுத்தது. முடித்ததும் மறுபடி சுற்றியது. உன்னைவிட ஒழுங்காகச் சுற்றியது, அக்கா.

அப்போதே தட்டைத் தட்டி விரட்டியிருக்க வேண்டும். வெஸ்லியிடம் போயிருக்க வேண்டும். நான் காபி ஆறும்வரை நின்று பார்த்தேன். மறுநாள் இன்னும் நாலு தலை போட்டேன். வேண்டுமென்றே போட்டேன். இதை எப்படிச் சொல்வது? படகு போன பிறகு விடியற்காலையில் எழ எனக்கு ஒரு காரணமும் இல்லாமல் இருந்தது. எழுந்ததும் என்னை எதிர்பார்த்து ஒன்று வந்தது. அதுவும் ஒன்றல்ல.

இரண்டு பேர், அக்கா. அம்மாவும் குட்டியும். அம்மா சுற்றும்போது குட்டி பீப்பாய்மேல் ஏறி உட்காரும், பீப்பாய் சுற்றினால் அந்தப் பக்கம் விழும், மறுபடி ஓடிவந்து ஏறும். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தின்பார்கள், ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்தவர்களைப்போல. கடைசியில் குட்டியே நகத்தை விட்டு எடுக்கக் கற்றுக்கொண்டது. நான் தனியாகச் சன்னலில் நின்று கைதட்டினேன்.

சுட்ட அன்றைக்கு மாலையில் குட்டியை மயக்க ஊசி போட்டு வலையில் இறக்கினார்கள். வெஸ்லியின் அலுவலகத்துப் பின்னால் கூண்டில் இருக்கிறது. துறைக்கு எதிரே உள்ள தீவில் தாயில்லாக் குட்டிகளை வளர்த்து, அடுத்த வருடம் ஆளில்லாக் காட்டில் விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே இடம் காலியானதும் அனுப்பலாம். ஆனால் வீட்டுத் தீனி தின்று பழகிய குட்டி என்றால் அங்கே சேர்க்க மாட்டார்கள். மயக்க ஊசியைவிடப் பெரிய ஊசிதான், பிறகு எழாது. வெஸ்லி என்னிடம் கேட்டான், "அண்ணே, குட்டி இதுல தின்னத நீங்க பாத்தீங்களா? உங்கள விட்டா சாட்சி யாருமில்ல." "இல்லப்பா, கரடியவே அன்னிக்குத்தான் பாத்தேன்" என்றேன்.

உனக்கு மட்டும்தான் உண்மையைச் சொல்கிறேன். நீ கேட்டதால் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

ஐனார்


செயின்ட் ஜான்ஸ்
3 அக்டோபர் 1996

ஐனார்,

உன் கடிதத்தை வெஸ்லிக்கு அனுப்பிவிட்டேன். அப்படியே, உறையோடு. நேற்றுக் காலையில் தபாலில் போட்டேன்.

நீ கத்துவது இங்கே கேட்கிறது. கேள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ரொட்டிக் கடைக்குப் பின்னால் ஒரு இளம் கரடி. அதற்கு முந்தைய வருடம் குட்டியாகப் பிடித்து, குப்பை தின்றதைப் பார்த்தவர்கள் இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டதால் காட்டில் விட்ட குட்டி அது. எழுபது மைல் நடந்து திரும்பி வந்தது. கடைக்காரர் மகளின் தோளைக் கிழித்தது. அதைச் சுட மூன்று குண்டு ஆனது. மூன்றையும் நான் நின்று எண்ணினேன். அன்றைக்குத்தான் ஊரில் கரடித் தடுப்புக் கமிட்டியை ஆரம்பித்தேன். இரக்கம் என்ற பெயரில் சொல்லும் பொய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

நீ மீன் போட்டதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். கைதட்டினாயே, அதைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கைதட்டக் கைதட்ட அது செத்துக்கொண்டிருந்தது.

வெஸ்லி என்னை நம்புகிறான். இந்த ஊரில் என் வார்த்தை என்றால் மறுபேச்சில்லை. அதை உனக்காகவும் விட்டுக்கொடுக்க முடியாது, குட்டிக்காகவும் முடியாது.

இதற்குப் பிறகு நீ எனக்கு எழுதாமலிருந்தாலும் தப்பில்லை.

தோரா


ஹெர்ரிங் முனை
14 அக்டோபர் 1996

அக்கா,

எழுதக் கூடாது என்றுதான் நாலு நாள் இருந்தேன்.

உன் கடிதம் இங்கே வருவதற்கு முந்தின நாளே வெஸ்லி வந்துவிட்டான். கதவைத் தட்டியிருக்கிறான், எனக்குக் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து சன்னலில் முகத்தைக் காட்டினான். கையில் என் கடிதம். கதவைத் திறந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். என் அக்காவா, என் சொந்த அக்காவா என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டாவதாகத்தான் குட்டி ஞாபகத்துக்கு வந்தது.

அவன் உட்கார்ந்தான். காது கேட்காதவனுக்குப் பேசுவதுபோல உரக்க, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"அண்ணே, மீன் தலை போட்டீங்க. அது எனக்கு அன்னிக்கே தெரியும். பீப்பாய் பக்கத்துல போனதுமே வாசனை. அதுக்கு நோட்டீஸ் எழுதிக் கொண்டாந்திருக்கேன், இந்தாங்க. பீப்பாயயும் எடுத்துட்டுப் போறேன்."

"சரிப்பா."

"ஆனா இது என்ன, ரெண்டு கரடி, ஆளுக்கொரு பக்கம், ஞாயித்துக்கெழம விருந்து?"

நான் நோட்டீஸை மடித்துக்கொண்டிருந்தேன்.

அவன் சிரித்தான். "எங்கப்பா படகுத்துறைல எனக்கு முதல்ல கத்துக்குடுத்ததே இதான். ஐனார் அண்ணன் ரெண்டுன்னா ஒண்ணு. நாப்பதுன்னா இருபது. எட்டு வயசுல நான் உங்ககிட்ட ஆறு ஹெர்ரிங் கேட்டேன், பன்னெண்டு போட்டேன்னு சொல்லி ஆறு குடுத்தீங்க. சரியா இருந்துச்சு." கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "தோராக்கா வெளியூர்ல இருக்காங்க, தம்பி எழுதுனத அப்படியே நம்பிட்டாங்க. அவங்களுக்கு நேர்மை அதிகம். ஒரு கரடி தின்னுச்சு. அது செத்துடுச்சு. அப்படித்தான் எழுதப்போறேன். தப்பா இருந்தா இப்பவே சொல்லுங்கண்ணே."

சிரித்துக்கொண்டே கேட்டான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. சன்னல் வழியாகச் சீடார் மரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான். நான் சொல்லும்வரை காத்திருப்பவன்போல வெகுநேரம் பார்த்தான். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

குட்டி வெள்ளிக்கிழமை படகில் தீவுக்குப் போனது. துறைக்குப் போய் நின்றேன். கூண்டின்மேல் தார்ப்பாய் போட்டிருந்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. ஹேசலும் வந்திருந்தாள், கையில் கட்டோடு. படகு போகும்வரை பக்கத்தில் நின்றாள்.

அக்கா, இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. நாற்பது பவுண்டு சால்மன் பத்தொன்பது பவுண்டுதான். கரையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஜாம் பதினொரு போத்தல். ஆனால் அந்த விஷயத்தில் நான் கூட்டவில்லை. சன்னலில் நின்று நான் எண்ணியது இரண்டு. குட்டியும் தின்றது. என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சரியாக எண்ணினேன், அதை யாரும் நம்பவில்லை.

வெஸ்லிக்கு இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நீ சொல்லலாம். போன தடவை தடுக்கப் பார்த்ததுபோல் இந்தத் தடவை தடுக்க மாட்டேன். இந்தக் கடிதத்தை நீ அடுப்பில் போட வேண்டாம்.

ஐனார்


செயின்ட் ஜான்ஸ்
22 அக்டோபர் 1996

ஐனார்,

இரண்டு என்று நீ எழுதியிருந்ததை நின்றுகொண்டே படித்தேன். கிர்ஸ்டி, "அம்மா, யார் செத்துட்டா?" என்று கேட்டாள். என் முகம் அப்படி இருந்ததாம்.

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் கடிதத்தை வெஸ்லிக்கு அனுப்பிய அன்று, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கினேன். அது என் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. அப்படியே குழந்தையைக் கிர்ஸ்டி மடியில் போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் பெட்டிக்கு ஓடினேன். ஒன்றரை மணிநேரம் மழையில் நின்றேன். தபால்காரர் வந்து பையில் கொட்டினார். அதோ மேலேயே கிடந்தது, என் எழுத்து. "அது என்னோடதுதான், திருப்பிக் குடுங்க" என்றேன். "பொட்டிக்குள்ள விழுந்தா உங்களுது இல்லம்மா, சட்டம் அப்படி" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். சட்டத்தை மீறச் சொல்லி ஒருவரிடம் நான் கெஞ்சியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் கொடுக்கவில்லை. மறுநாள் உட்கார்ந்து உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன், எதுவுமே நடக்காததுபோல, ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவளைப்போல. அதை நினைத்தால் எனக்கே என்மேல் கூச்சமாக இருக்கிறது.

நேற்று வெஸ்லிக்கு மறுபடி எழுத உட்கார்ந்தேன். உறையில் முகவரிகூட எழுதிவிட்டேன். ரொட்டிக் கடைக்காரர் மகளின் தோள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அடுத்த வருடம் அது எங்கேயாவது ஒரு வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றால் அந்தப் பாவம் நம் இருவருக்கும்தான், அதில் பாதி கிடையாது. இதை நீயும் தெரிந்துகொண்டு இரு. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐனார். இனி ஒவ்வொரு கோடையிலும் போன் அடித்தால் பயமாகத்தான் இருக்கும்.

ஒன்றாம் தேதி வருகிறேன். சாப்பாடு எதுவும் செய்து வைக்காதே, வீட்டில் மீனே இருக்கக் கூடாது. நான் முதலில் ஹேசல் வீட்டுக்குப் போவேன், பெட்டியை நீ வந்து தூக்கிக்கொண்டு போ. அங்கே எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது. அவள் கதவைத் திறப்பாளா என்பதே தெரியாது.

வெஸ்லி முகவரி எழுதிய உறையில்தான் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். அவன் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

நீ சொல்வதில் பாதியைத்தான் நம்புவேன் என்று நாற்பது வருடமாகச் சொல்லிவருகிறேன். இந்தத் தடவையும் பாதியைத்தான் நம்பப்போகிறேன். வந்தது ஒன்று.

தோரா